வாசிச்சா மட்டும் போதுமா?

மூணாம் வகுப்பு படிக்கிற என் மகள் சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து சத்தமா வாசிப்பாள். மாட்டுக்குத் தீவனம் வெச்சுக்கிட்டே கேட்பேன். திக்காமல் வாசிப்பதில் எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள், "என்ன கதை அம்முணி, சொல்லு"ன்னு கேட்டேன். முழிச்சாள். மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். "வாசிக்க வேண்டாம், சொல்லு" என்றேன். வாயே திறக்கலை. "அப்புறம் என்னத்தப் படிச்சே?"ன்னு கத்திட்டேன். அழுதுகிட்டே சாப்பிடாமல் படுத்துட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கதையைப் புரட்டினேன். அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பையன். என் மகள் லிஃப்டைக் கண்ணால் கண்டதில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

அந்த லீவுக்கு கோயம்புத்தூரிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான். அவனும் மூணாம் வகுப்புதான். நோட்டில் நான் நாலு வரி எழுதினேன்: 'நாற்று நட்டார்கள். மடையைத் திறந்து வயல் நிறையத் தண்ணீர் விட்டார்கள். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தது. காலையில் வயலில் தண்ணீர் இல்லை.'

ரெண்டு பேரும் தப்பில்லாமல் வாசித்தார்கள். "தண்ணி எங்க போச்சு?" என்றேன். பையன், "வெயில்ல காஞ்சிருச்சு மாமா" என்றான். என் மகளோ, "நண்டு வளை வழியா அடுத்த வயலுக்குப் போயிருக்கும்பா" என்றாள்.

அந்த பதில் நான் எழுதின நாலு வரியில் இல்லை. அவள் வரப்பில் நடந்து பார்த்தது. அவளுக்குப் புத்தி மட்டு இல்லை, அவனுக்கும் இல்லை. பார்த்தது, கேட்டது இருந்தால்தான் வாசிக்கிறது மனசில் ஒட்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கின 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், சின்ன வகுப்புப் பிள்ளைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வீட்டில் நாங்க செய்வது இவ்வளவுதான். வாசிக்கும் முன்னே படத்தைப் பார்த்துப் பேசுகிறோம். தெரியாத பொருள் இருந்தால் அதைக் காட்டவோ விளக்கவோ செய்கிறேன். பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கிறேன். கடைசியில் அவள் சொந்தப் பேச்சில் ஆத்தாகிட்ட கதையைச் சொல்லணும். தப்பாகச் சொன்னாலும் திட்டுவதில்லை. "எந்த வரியில அப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்பேன். அவளே தேடித் திருத்திக்குவாள்.

போன மாதம் அக்கா வீட்டில் அவள் நாலு தடவை லிஃப்டில் ஏறி இறங்கினாள். பையனும் சும்மா இல்லை. லீவு முடிவதற்குள் நண்டு வளையில் விரலை விட்டுக் கடி வாங்கிட்டுத்தான் ஊருக்குப் போனான்.