அழைத்தவர் இட்ட பெயர்

மரபுச் செய்யுள்களின் அடிகளில் எழுத்தெண்ணுவதற்கென்று நண்பர்கள் நாங்கள் சி மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினோம். அடியைக் கட்டளை வரியிலேயே தட்டினால் போதும். மெயின் செயற்கூற்றுக்கு அது வந்து சேரும். எத்தனை சொற்கள் என்பது ஆர்க்சி, சொற்களின் வரிசை ஆர்க்வி. 'அம்மா' என்று கொடுத்தோம். ஸ்ட்ர்லென் 15 என்றது! யுடிஎஃப்-8இல் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். சி மொழிக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டுமே தெரியும். புள்ளியையும் காலையும் கொம்பையும் எண்ணாமல் தாண்டவைத்தபின் மூன்று வந்தது.

எழுத்தைக் காட்டிலும் எங்களைப் பிடித்துக்கொண்டது ஆர்க்வியின் பூச்சிய இடம். அங்கே நிரலின் பெயர் இருக்கும் என்றே கெர்னிகன், ரிட்சி நூல் (1978) தொட்டுப் படித்து வருகிறோம். ஆனால் அது நிரலின் சொந்தப் பெயரன்று. அழைப்பவர் இட்ட பெயர். பிஸிபாக்ஸ் இதை வைத்தே பிழைக்கிறது. கோப்பு ஒன்றுதான், எல்எஸ் என்று அழைத்தால் பட்டியலிடும், சிபி என்று அழைத்தால் நகலெடுக்கும். வீட்டில் ஒரு பெயரும் ஊரில் ஒரு பெயருமாக வாழ்பவர்களைப் போல.

அழைப்பவர் பெயரே இடாவிட்டால்? லினக்சில் நிர்வாகி உரிமையோடு பிற கட்டளைகளை இயக்கித் தரும் பிகேஎக்செக், ஒரு பெயராவது இருக்கும் என்று நம்பி, ஒன்றாம் இடத்திலிருந்து படித்தது. வெற்று வரிசை வந்தால் ஆர்க்சி பூச்சியம். பூச்சிய இடத்தில் முடிவுக் குறியான நல். அடுத்த இடமோ ஆர்க்வியைச் சேர்ந்ததே அன்று. நினைவகத்தில் ஒட்டி நிற்கும் சூழல் மாறிகளின் முதல் இடம் அது. பிகேஎக்செக் அங்கே படித்ததோடு நில்லாமல் எழுதவும் செய்தது. அவ்வழியே உள்ளே இருக்கும் சாதாரணப் பயனர் எவரும் ரூட் ஆகிவிடலாம். 2009இல் நுழைந்த இந்த ஓட்டையைக் குவாலிஸ் நிறுவனத்தார் வெளிப்படுத்தியது 2022 ஜனவரியில்தான். இத்தனைக்கும் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்தே கிடந்தது. பெரும்பாலான வாசகர்கள் தலைப்பைப் படிப்பதில்லை போலும்.

அதே ஆண்டில் வந்த லினக்சு 5.18, பெயரின்றி அழைக்கப்படும் நிரலுக்கு ஒரு வெற்றுச் சரத்தையாவது பெயராக வைத்துவிடுகிறது. பழைய கருவகங்கள் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் எழுத்தெண்ணி, ஆர்க்சி பூச்சியமா என்று முதலில் கேட்டுவிட்டே அடியைத் தொடுகிறது.