மாமாவின் ஊசியும் எரித்ரோபொய்டினும்

பி.காம். படிக்கிறவனுக்குப் புரதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? ஆறு மாதம் முன்புவரை ஒன்றும் தெரியாது. பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான்.

என் மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செலவுக் கணக்கு எழுதுவது என் வேலை (காமர்ஸ் படித்ததற்கு வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை!). அந்த நோட்டில் அடிக்கடி வரும் ஒரு வரி, 'ரத்த ஊசி'. ஒரு நாள் மாமா கேட்டார்.

"ஏன் மாப்ள, ஒண்ணுக்கு ரெண்டா ஊசி போட்டா சீக்கிரம் தெம்பு வந்துரும்ல? நான் கடைக்குப் போகணும்டா."

டாக்டர் மறுத்துவிட்டாராம். ஹீமோகுளோபின் 11 இருந்தால் போதும் என்றாராம். காசு கொடுக்க நாங்கள் தயாராக இருக்கும்போது ஏன் மறுக்க வேண்டும்? எனக்கும் கோபம்தான். அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

ஊசியில் இருப்பது எரித்ரோபொய்டின். 165 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். நம் உடம்பிலேயே, பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. என் பாஷையில் சொன்னால் இது ஒரு ஆர்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் இந்த ஆர்டரை அனுப்பும். எலும்பு மஜ்ஜை என்கிற தொழிற்சாலை சிவப்பணுக்களைத் தயாரிக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். அதனால் ஆர்டர் நிற்கவே கூடாது. டயாலிசிஸ் மெஷின் கழிவை வடிகட்டும், ஆனால் ஆர்டர் போடாது. மாமாவின் ரத்தசோகைக்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை பெரியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் கோல்ட்வாஸர் 1955-இல் தேட ஆரம்பித்தார். 1957-இல் அங்கிருந்த ஜேக்கப்சன் குழு, எலிகளில் ஒவ்வொரு உறுப்பாக நீக்கிப் பார்த்து, இது சிறுநீரகத்தில் சுரக்கிறது என்று காட்டியது. சுத்தமான புரதம் கைக்கு வந்தது 1977-இல். ஜப்பானில் ஒருவகைக் கடுமையான ரத்தசோகை நோயாளிகளிடம் மியாகே என்ற மருத்துவர் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம்! 1983-இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். இந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும், அதைச் செய்ய பாக்டீரியாவால் முடியாது. ஆகவே சீன வெள்ளெலியின் செல்களில் வளர்த்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. ஆம்ஜென் கோடி கோடியாகச் சம்பாதித்தது. கோல்ட்வாஸருக்குக் காப்புரிமை எதுவும் இல்லை. லாப நஷ்டக் கணக்கு படிக்கிற எனக்கு இந்த இடத்தில் மனசு கொஞ்சம் வலித்தது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். இரண்டு ஊசி போட்டால் என்ன?

சைக்கிள் பந்தய வீரர்கள் அதைத்தான் செய்தார்கள். 1998 டூர் டி பிரான்ஸ் போட்டியையே உலுக்கிய ஊக்கமருந்து விவகாரத்தில் முக்கியப் பொருள் இதுதான். சிவப்பணு கூடினால் தெம்பு வரும், உண்மை. ஆனால் ரத்தம் கெட்டியாகும், உறையும், இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், டயாலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு 13.5, இன்னொரு பிரிவுக்கு 11.3 என்று ஹீமோகுளோபின் இலக்கு வைத்தார்கள். 13.5 இலக்கு வைத்தவர்களிடம்தான் மரணமும் இதயக் கோளாறுகளும் சேர்ந்து அதிகமாக இருந்தன. மறுவருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

இன்னொன்றும் புரிந்தது. ஆர்டர் மட்டும் போனால் போதாது, மூலப்பொருள் வேண்டும். இரும்புச்சத்து இல்லாமல் ஊசி வேலை செய்யாது. நோட்டில் தனி வரியாக இருந்த 'இரும்பு மருந்து' ஏன் என்பது அன்றுதான் விளங்கியது.

இப்போது மாத்திரைகளும் வந்துவிட்டன. செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு. அந்த வழியில் உருவான டெசிடுஸ்டாட் மாத்திரைக்கு 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ சரக்கைக் கூடுதலா இறக்கினா குடோன் தாங்காதுங்கற" என்றார். முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர் அல்லவா! ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போன மாதம் 10.8 இருந்தது. கடைக்கு இன்னும் போகவில்லை. ஆனால் மாடிப்படியை நடுவில் உட்காராமல் ஏறுகிறார். எங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.