உள்தசை

எனக்கு ஆசனவாயில் வெடிப்பு. பதினான்கு மாதமாக. வீட்டில் இதற்கு ஒரே பெயர்தான், மூலம். காரணமும் ஒன்றுதான், சூடு. மூலம் என்றால் இரத்தக்குழாய் வீங்குவது, இது தோல் கிழிவது என்று அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்துப் பாதியிலேயே கூச்சத்தில் நிறுத்திவிட்டேன். வெந்தயத் தண்ணீர் தொடர்ந்தது.

காலையில் கழிவறைக்குப் போய் வந்தால் இரண்டு மூன்று மணிநேரம் எரியும். தொழிற்சாலைக் கூட்டங்களில் நின்றுகொண்டே இருப்பேன். முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதுகுவலிக்கு ஒரு கௌரவம் இருக்கிறது, பாருங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மறுநாள் காலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள். வெளித்தசை நம் பேச்சைக் கேட்கும், உள்தசை கேட்காது. புண் வலித்தால் உள்தசை இறுகும். இறுகினால் அங்கே இரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. மறுபடி கிழியும், மறுபடி இறுகும். இப்படி ஒரு சுற்று எந்திரத்தில் ஓடினால் நானே எங்காவது வெட்டிவிடச் சொல்வேன். அவரும் அதைத்தான் சொன்னார். உள்தசையில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டிவிடுவது.

அதற்கு முன் எல்லாம் செய்தாயிற்று. இசப்கோல், பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உட்கார்வது, நைட்ரோகிளிசரின் களிம்பு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் அதே மருந்துதான். தலைவலி மண்டையைப் பிளந்தது. டில்டியாசெம் களிம்பில் ஆறியது, பிறகு திரும்ப வந்தது. போடாக்ஸ் ஊசி போடலாம், வெட்டு இல்லை, ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

அறுவை செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடுமாம். சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. அந்தச் 'சிலருக்கு' என்ற சொல்லோடு மூன்று வாரம் தூங்கி எழுந்தேன். இருபத்தெட்டு வயதில், லிஃப்டில், பெண் பார்க்கப் போன வீட்டில். சிரிப்பாகத்தான் இருக்கும், அடுத்தவனுக்கு நடந்தால்.

பிரசவமான பெண்களுக்கு அந்தத் தசைகள் ஏற்கெனவே காயப்பட்டிருக்கலாம், அவர்களுக்கு வெட்டுவதென்றால் அதிகம் யோசிப்போம் என்றார் டாக்டர். இதை அம்மாவிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "உன்னப் பெத்தப்புறம் எனக்கும் இருந்துச்சுய்யா. ரெண்டு வருசம். ரத்தமா போவும்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது?"

மறுவாரம் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். விடுப்புக்குக் காரணம் கேட்ட மேலாளரிடம் முதுகு என்று சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எந்த டாக்டர் என்று கேட்டார்.