பானைக்குள் மருந்து

முழுநிலவு நாளில் எங்கள் திருவண்ணாமலைக்கு இலட்சக்கணக்கில் வருகிறார்கள், 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். வந்தவர் அனைவருமா திரும்புகின்றனர்? இல்லை, தோழர்களே! மனம் நலிந்த தாயை, தமையனை, தங்கையை உடன் அழைத்துவந்து, பாதையோரத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கந்தலும் சடையுமாக அமர்ந்து தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் அந்த மனிதரைக் கண்டு, 'சித்தர்' என்று கைகூப்புவர் சிலர். 'பைத்தியம்' என்று கல்லெறிவர் சிலர். கும்பிட்ட கையாயினும் சரி, கல்லெடுத்த கையாயினும் சரி, மருத்துவமனைக்கு வழிகாட்ட மட்டும் நீளுவதில்லை!

இது எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய இழுக்கு என்று எண்ணிவிட வேண்டா. குணசீலத்துக் கோயிலிலே 48 நாள் காத்துக்கிடப்போர் உண்டு. ஏர்வாடி தர்காவை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தோர் உண்டு. அந்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடக் கால் இருந்தது. காலிலே விலங்கும் இருந்தது. 28 பேர் மாண்டனர். நாடு பதறிற்று, உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது, 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது. இரும்பு விலங்குக்குச் சட்டம் வந்தது. வெட்கம் பூட்டிய விலங்குக்கு?

என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் வாரம் அவர் உறக்கத்தை இழந்தார். குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அழுதார், சுவரோடு பேசினார். முனி அடித்துவிட்டது என்றது ஊர். உடுக்கை வந்தது, வேப்பிலை வந்தது, சாட்டையும் வந்தது. முதுகில் தழும்பு ஏறிற்று; முனி இறங்கவில்லை. பிறகுதான் அரசு மருத்துவமனை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தாய்மார்க்கு வரும் நோய் இது என்றார் மருத்துவர். நோய் திரும்பாதிருக்க மாத்திரையைத் தொடருங்கள் என்றார். சில மாதங்களில் தம் குழந்தையைத் தாமே தாலாட்டினார் அத்தை.

பெரியாரின் பாசறையில் பயின்ற நாம், பேயில்லை என்று முழங்கினோம். நன்று! பேயில்லை என்றால் நோயும் இல்லை என்று ஆகிவிடுமா? "எல்லாம் பாசாங்கு, இரண்டு அறை விட்டால் தெளியும்" என்று என்னிடம் வாதிட்ட பகுத்தறிவாளர் உண்டு. அவருக்கும் பூசாரிக்கும் சாட்டையின் நீளத்தில்தான் வேறுபாடு! நம் மேடைகளிலே மாற்றாரை ஏச முந்திவரும் சொல் எது? 'பைத்தியக்காரன்'! சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடம். அதன் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோமே, அந்த வசையைக் கேட்டு வளர்ந்த இளைஞன் தன் உள்ளம் கலங்கும்போது எந்த மருத்துவரை நாடுவான்? 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, மனநல ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. எண்ணை அழுத்த விரல் துணிய வேண்டுமே!

அத்தையின் அந்தக் குழந்தைக்கு இன்று வயது 22. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளன்று, மாமாவின் சர்க்கரை நோய் மாத்திரை கூடத்து அலமாரியிலேயே இருந்தது. அத்தையின் மாத்திரை மட்டும் அரிசிப் பானைக்குள் போயிற்று. வருவோர் கண்ணில் படக்கூடாதாம்! வீட்டில் உறவினர் நடமாட்டம் ஓயவில்லை. பானைக்குள் போனதை ஒரு வாரம் அத்தை தொடவில்லை. மீண்டும் இரவெல்லாம் விழிப்பு, மீண்டும் சுவரோடு பேச்சு. உடனே மருத்துவரிடம் விரைந்ததால் தேறினார்.

அடுத்து வேறொரு வீட்டார் வந்தபோது, மகளே மாத்திரையை எடுத்து அப்பாவின் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது அம்மாவுடையது, மனநோய்க்கு" என்று வந்தவர்களிடமே சொன்னாள். அவர்கள் காப்பியை அருந்திவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அத்தை நாள்தோறும் இரவு உணவுக்குப்பின் கூடத்துக்கு வந்து மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்.