எந்தத் தோட்டத்து ஆளு இவ?

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. மாலை ஆறரையிலிருந்து ஒன்பது மணிவரை அம்மாவின் தமிழ்த் தொடர்கள். அதற்கு மேல்தான் பெட்டி என் கைக்கு வரும். எனக்குப் பிடித்தது வரலாறு. அதிலும் அமெரிக்க வரலாறு. லிங்கன், உள்நாட்டுப் போர், கென்னடி, நிலவுப் பயணம் என்று எதைப் போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன். "நம்ம ஊரு கவுன்சிலர் பேரு தெரியாது, அமெரிக்காக்காரன் பாட்டன் பேரெல்லாம் தெரியும்" என்று என் மனைவி சொல்லுவாள். அதில் பொய் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் உடனே படுக்கப் போகமாட்டார். சோபாவின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, வெற்றிலையை மென்றபடி படத்தைப் பார்ப்பார். நடு நடுவே கேள்வி வரும். "யாருடா இந்தத் தாடிக்காரன்?" "இவனை ஏன் சுட்டாங்க?" நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சும்மா இரும்மா, அப்புறம் சொல்றேன்" என்பேன். அந்த 'அப்புறம்' ஒருநாளும் வந்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இரவு, 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. வங்கி வாசலில் கூட்டம், ரொட்டிக்கு நிற்கும் வரிசை. பிறகு ஒரு புகைப்படம் வந்தது. ஒரு பெண், கையைக் கன்னத்தருகே வைத்தபடி எங்கோ பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் அவள் தோளில் முகத்தைப் புதைத்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை.

அம்மா மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்தத் தோட்டத்து ஆளு இவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, அது அமெரிக்காம்மா. வெள்ளைக்காரி" என்றேன்.

"வெள்ளைக்காரியா இருந்தா என்ன? கூலிக்காரி மூஞ்சி தெரியாதா எனக்கு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால் அம்மா சொன்னது சரி. அந்தப் படத்தை டோரத்தியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் எடுத்தார். அது பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். உறைபனியில் பயிர் அழிந்துபோனதால் பறிக்க வேலையில்லை. வேலையில்லாததால் சாப்பாடும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 32. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆங்கிலம் அறியாத என் அம்மா ஒரே பார்வையில் அவரைத் தோட்டத்து ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார்.

அன்று முதன்முறையாக நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தில் என்ன சொல்கிறார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். 1929, 1930, வேலை போனது, சம்பளம் குறைந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர், "இது அந்தப் பத்துக் காசு வெட்டுன காலம்தானே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அம்மா பிறந்தது 1938இல். ஆனால் அவருடைய அம்மா, என் பாட்டி, சொல்லிச் சொல்லி அந்தக் காலம் அவருக்கு மனப்பாடம். "நாளுக்கு அம்பது காசு குடுத்தானாம். பொறவு நாப்பதுதான்னானாம். அதுக்கும் பொறவு, வேலையே இல்லை, கப்பல் ஏறுன்னானாம். என் மாமனைக் கப்பல் ஏத்தினது அப்பத்தான்."

பாட்டியின் தம்பி அவர். திருச்சி முசிறிப் பக்கத்திலிருந்து அக்காளோடு கங்காணி பின்னால் வந்தவர். கலியாணம் ஆகாத ஆள் என்பதால் தோட்டத்தில் முதலில் அவர் பெயரைத்தான் வெட்டினார்களாம். ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் போனவர்தான். கடிதம் கிடையாது, பாட்டிக்கு எழுதத் தெரியாது, அவருக்கும் தெரியாது. சாகும்வரை, ஊரிலிருந்து யார் வந்தாலும் பாட்டி ஓடிப்போய்த் தம்பியைப் பற்றிக் கேட்பாராம். இப்படி ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார் என்பதே, ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்த அமெரிக்க வரலாற்றையும் அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கதைதான். 1908இல் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தார். 1927இல் அதை நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி கார்கள் செய்து தள்ளினார். காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். உலகத்து ரப்பரில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டுக்கே போனது. அந்த ரப்பரைத் தந்த தோட்டங்களில் முதலிடம் மலாயாவுக்கு. அமெரிக்காவில் கார் வாங்க ஆளில்லாமல் போனதும் இங்கே ரப்பர் விலை சரிந்தது. 1929இல் ஒரு பவுண்டு 30 காசுக்கு மேல் விற்றது, 1932இல் 10 காசுகூடப் பெறவில்லை. 1930இல் ஆண்களின் தினக்கூலி 50 காசிலிருந்து 40 காசாக இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் ஒருவர் தகரப் பெட்டியோடு போன என் பாட்டியின் தம்பி.

டெட்ராய்ட்டில் ஆலை மூடியதை நான் பத்து முறை பார்த்திருப்பேன். அதே அலை எங்கள் வீட்டுக்குள் வந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு போனதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லக்கூடியவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சும்மா இரும்மா" என்று நான்தான் அவர் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான். அது மண்டபத்தில், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் இருக்கும். சாவி கிராணியிடம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. எங்கள் மண்டபத்துக்கு வந்துசேர மேலும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. மின்சாரம் தோட்டத்து எஞ்சினிலிருந்து வரும். இரவு பத்துக்கு எஞ்சின் நின்றால் படமும் நின்றுவிடும். பெரியவர்கள் தமிழ்ச் செய்திக்குக் காத்திருப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் கௌபாய் படத்துக்கு. செய்தியில் தோட்டம், சம்பளம், தொழிற்சங்கம் என்று ஏதாவது ஒரு சொல் வந்துவிட்டால் மண்டபமே மூச்சை அடக்கிக் கேட்கும். தங்களைப் பற்றி யாரோ தூரத்தில் பேசுகிறார்கள் என்ற அந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் பேசியவர்கள் எப்போதும் வேறு யாரோதான். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் முன்னாலும் யாரும் மைக்கை நீட்டியதில்லை.

2008 ஏப்ரலில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை முதன்முதலாக நேரலையில் காட்டினார்கள். அம்மாவை உட்கார வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "பிரட்டுல கத்துற மாதிரியில்ல கத்துறாங்க. மண்டோர் யாரு, இவங்களை அடக்க?" என்றார். சபாநாயகரைக் காட்டினேன். "பாவம்" என்றார்.

என் மகன் தலைநகரில் வேலை செய்கிறான். அவனும் என்னைப் போலத்தான். ஆனால் பார்ப்பது கைத்தொலைபேசியில். அமெரிக்காவில் சி-ஸ்பான் என்று ஓர் அலைவரிசை இருப்பதை அவன்தான் எனக்குக் காட்டினான். அவர்களுடைய பிரதிநிதிகள் சபையை 1979 மார்ச் 19 முதல் அப்படியே காட்டிவருகிறார்கள். அரசாங்கப் பணம் இல்லை. கேபிள் நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. 2011 முதல் வார இறுதிகளில் வரலாறு மட்டுமே காட்ட நேரம் ஒதுக்கினார்கள். கல்லூரி வகுப்பறையில் கேமராவை வைத்துவிடுவார்கள்; பேராசிரியர் பாடம் நடத்துவார், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். வயதானவர்கள் உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். பின்னணி இசை கிடையாது, யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை.

அவன் இன்னொன்றும் சொன்னான். அதே வீழ்ச்சிக் காலத்தில், வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. எதற்கு? ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலையான கிழவர் கிழவிகளைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொல்வதை எழுதிவர. 1936 முதல் 1938 வரை 2,300க்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழி அப்படிச் சேர்ந்தது. இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் எத்தனையோ படங்களுக்கு அந்தத் தாள்கள்தான் அடித்தளம். "பாட்டி பிறந்த வருசம் முடிச்சிட்டாங்கப்பா" என்றான். "நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா முன்னால் அவன் தன் தொலைபேசியை நிறுத்தி வைத்தான். "பாட்டி, உங்க வரலாற்றைச் சொல்லுங்க" என்றான். அம்மா வாயே திறக்கவில்லை. "எனக்கென்னடா வரலாறு? நான் என்ன மந்திரியா?"

பிறகுதான் வழி தெரிந்தது. வரலாறு என்று கேட்கக்கூடாது. "காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க? சோத்துக்கு என்ன தொட்டுக்குவீங்க?" என்று கேட்டால் வருகிறது. பதின்மூன்று வயதில் உளியைப் பிடித்தது; மழை பெய்தால் மங்கில் தண்ணீர் புகுந்து அன்றைய பால் வீணாவது; ஒட்டுப்பால் வாசம் தலைமுடியில் ஏறிக்கொள்வது. அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டது, வெளியே சோறு கொண்டு போகக்கூடாது என்று வாசலில் சோதனை போட்டது. ஒரு நாள் பழைய மங்கு ஒன்றைக் கையில் கொடுத்தோம். அன்று மட்டும் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

சயாம் ரயில் பாதை பற்றியும் சொன்னார். அப்போது அவர் சின்னப் பிள்ளை. அப்பாவின் பங்காளிகள் இரண்டு பேரை ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனான், ஒருவர்தான் திரும்பினார். அந்தப் பாதையைப் பற்றி எத்தனையோ ஆவணப்படங்கள் பார்த்திருக்கிறேன். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது, 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் செத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்காகக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகளை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் நம்மவர்களும் பிற ஆசியத் தொழிலாளர்களும். படத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். திரும்பி வராத அந்தப் பங்காளியின் பெயரை அம்மா அன்று சொன்னார். மகன் எழுதி வைத்துக்கொண்டான். அவர் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்த நோட்டுதான்.

இதுவரை பதினோரு மணி நேரம் சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு வயது இப்போது எண்பதைத் தாண்டி வெகுநாளாயிற்று. சில ஞாயிறுகளில் நன்றாகச் சொல்கிறார். சில ஞாயிறுகளில் சொன்னதையே சொல்கிறார். கப்பல் ஏறிப்போன மாமனின் பெயரை முதல் வருடம் சொன்னார், போன மாதம் கேட்டபோது வரவில்லை. நாங்கள் பதிவைப் போட்டுக் காட்டினோம். தன் குரலிலேயே அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "ஆமா, அவருதான்" என்றார்.

சுங்கை காடுட்டைச் சுற்றி இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, அதுவும் குறைந்துவருகிறது. லயம் இருந்த இடத்தைக் கேட்டால் காட்ட ஆளில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பாருங்கள். படத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் சொல்லுவார். கையில் தொலைபேசி இருக்கிறது, வேறொன்றும் வேண்டியதில்லை.

போன ஞாயிறு பதிவை முடித்துத் தொலைபேசியை எடுத்து வைத்தபோது, அம்மா பேரனிடம் கேட்டார்: "இதெல்லாம் எப்பய்யா டிவியில வரும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவுக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்திக் கொடுத்தேன்.