தைபர் நதிக்கரையில் ஒரு தேவாலய வாயில்

உரோமாபுரியிலே, தைபர் நதியோரம் நிற்கும் சிறு தேவாலயமொன்றின் முகப்பில் இலத்தீனோடு எபிரேய எழுத்துக்களையும் கண்டு வியந்தோம். பிடிவாதமுள்ள மக்களைக் கடியும் இசையாஸ் தீர்க்கதரிசியின் வாசகம் அது. யூதரின் வேதத்தையே, அவர்தம் எழுத்திலேயே, அவர்தம் குடியிருப்பின் வாயிலுக்கு எதிரே எழுதி வைத்தனர்! வசையினும் கொடிது இது என்றே எமக்குத் தோன்றிற்று.

1555ஆம் ஆண்டிலே பாப்பரசர் நான்காம் சின்னப்பர் யூதரை இங்கே மதிலுக்குள் அடைத்தார். இரவிலே கதவுகள் பூட்டப்பட்டன. ஆடவர் மஞ்சள் தொப்பி அணிய வேண்டியிருந்தது. கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கட்டாயமாகக் கேட்கவும் வைத்தனர். பாப்பரசராட்சி முடிவுற்ற 1870இலேதான் நிலையான சமவுரிமை கிட்டிற்று.

1943 ஒக்டோபர் 16இல் நாசிப் படையினர் இந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதரைப் பிடித்துச் சென்றனர். மீண்டவர் 16 பேரே. கன்னியர் மடங்கள் பல அந்நாளில் யூதரை ஒளித்துக் காத்தன. பாப்பரசரின் மௌனம் பற்றிய வாதமோ இன்றும் ஓயவில்லை.

1986இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் யூதரின் செபக்கூடத்துக்குச் சென்று, அவர்களை மூத்த சகோதரர் என்றார். அக்கூடம் இத்தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரமே.