எதிரிக்கு ஒரு மைதானம்

வரும் ஞாயிறு, ஜனவரி 23, 2011. சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் மதியம் 2 மணிக்கு பேர்ஸும் கிரீன் பே பேக்கர்ஸும் மோதுகிறார்கள். ஜெயிப்பவர்கள் சூப்பர் பௌலுக்குப் போவார்கள். 1921லிருந்து இந்த இரண்டு அணிகளும் 181 முறை ஆடியிருக்கின்றன. ஆனால் தோற்றால் வீடு என்கிற பிளேஆஃபில் சந்தித்தது ஒரே ஒரு தடவைதான்: 1941 டிசம்பர் 14, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு சரியாக ஒரு வாரத்தில். சிகாகோ 33-14 என ஜெயித்தது.

நான் சிகாகோ கட்சி. பிழைக்க வந்த ஊர், வேறென்ன காரணம் வேண்டும்? அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் அது. அணிக்கு முதலாளி கிடையாது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள்தான். பங்குக்கு டிவிடெண்ட் இல்லை. இருந்தும் மனிதர் தன் பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், நம் வீட்டில் தாத்தா படம் மாதிரி.

ஜனவரி 2 அன்று இதே அணிகள் லீக்கின் கடைசி ஆட்டத்தை ஆடின. சிகாகோவின் பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதி. கிரீன் பே ஜெயித்தால்தான் உள்ளே வர முடியும் என்ற நிலை. சிகாகோ முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைக்கவில்லை, கதவைச் சாத்தத்தான் பார்த்தது. நானும் டிவி முன்னால் "விடாதே, விடாதே" என்று கத்தினேன். 10-3. கடைசி அணியாக உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

மறுநாள் என் கடுப்பைப் பார்த்து அவர் சிரித்தார். "நாங்க வரலைன்னா நீங்க யாரைத் திட்டுவீங்க?"

விளையாட்டாகச் சொன்னார். எனக்கு ஜார்ஜ் ஹாலஸ் ஞாபகம் வந்தது. பேர்ஸை உருவாக்கியவர், கிரீன் பேயின் பரம வைரி. 1956ல் கிரீன் பேயில் புது மைதானம் கட்டலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஊருக்கே போய், கட்டுங்கள் என்று மேடையேறிப் பேசினார். கட்டினார்கள். இன்றைய லாம்போ ஃபீல்ட் அதுதான்.

கல்லூரியில் எனக்கும் ஒரு வைரி இருந்தான். முதல் ரேங்க் அவனுக்கா எனக்கா என்று மூன்று வருடம். நான்காம் வருடம் ஒரு கம்பெனித் தேர்வை ஒருநாள் முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள். அவன் ஊருக்குப் போயிருந்தான். அவன் பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இருந்தது. நான் போன் பண்ணவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. கடைசி செமஸ்டரில் அவன் என்னோடு பேசவும் இல்லை, போட்டி போடவும் இல்லை. முதல் ரேங்க் வாங்கினேன். அந்த மார்க் எவ்வளவு என்று இப்போது ஞாபகமில்லை. அவன் என்னைத் தோற்கடித்த மார்க்குகள் எல்லாம் ஞாபகமிருக்கின்றன.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். கிரீன் பேயின் ஆரன் ராட்ஜர்ஸ் போன வாரம் அட்லாண்டாவுக்கு எதிராக 36 முறை எறிந்ததில் 31 பந்துகள் சரியான கைக்குப் போயின. சிகாகோவின் ஜே கட்லரை இந்த சீசனில் பந்தை எறியவிடாமல் 52 முறை தரையில் சாய்த்திருக்கிறார்கள். கிளே மேத்யூஸ் எதிரே நிற்கும்போது இது கவலைப்பட வேண்டிய கணக்கு. சிகாகோவின் நம்பிக்கை டெவின் ஹெஸ்டர். எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர். செப்டம்பரில் இதே அணிக்கு எதிராக 62 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார், சிகாகோ 20-17 என ஜெயித்தது. கிரீன் பே உதைப்பவர் பந்தை அவர் கைக்கே அனுப்பினால் நமக்கு வழி உண்டு.

மூளை கிரீன் பே என்கிறது, ஒரே ஒரு டச்டவுன் வித்தியாசத்தில். ஞாயிறு ஜெயிப்பவர்களுக்குக் கிடைக்கும் கோப்பையின் பெயர் ஹாலஸ் கோப்பை. அதை கிரீன் பே தூக்கினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஹாலஸ் நிச்சயம் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார். மைதானம் கட்டச் சொன்னதற்கு வருந்தியிருப்பார் என்று தோன்றவில்லை.

பந்தயம் கட்டியாயிற்று. சிகாகோ தோற்றால் திங்கட்கிழமை முழுக்க நான் அவருடைய மஞ்சள் சீஸ் தொப்பியோடு உட்கார வேண்டும்.